மூன்றரைக் கட்டை ஏன் இல்லை?

கீபோர்டு கற்க வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே சி மேஜர் கார்டை (ஒருசேர ஒலிக்கும் சுரக் கூட்டு) வாசித்துவிடுவார்கள். முதல் வெள்ளைக் கட்டை, ஒன்று விட்டு அடுத்தது, மறுபடி ஒன்று விட்டு அடுத்தது. மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நிறைவாக ஒலிக்கும். வம்பு அதற்குப் பிறகுதான். கையை அப்படியே ஒரு கட்டை வலப்புறம் நகர்த்தி, "இதுதானே டி மேஜர், சார்?" என்பார்கள். இல்லை, டி மைனர். விரல்கள் அப்படியேதான் இருக்கின்றன. ஒலி மட்டும் ஏன் வாடிப்போனது?

விடை நம் பாடகர்களின் பேச்சிலேயே இருக்கிறது. தங்கள் சுருதியை ஒன்றரைக் கட்டை, ஐந்தரைக் கட்டை என்பார்கள்; வெள்ளைக் கட்டைக்கு முழு எண், அதை அடுத்த கறுப்புக்கு 'அரை'. மூன்றரைக் கட்டை என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? ஆர்மோனியத்தில் மூன்றாம் வெள்ளைக் கட்டைக்கும் நான்காவதற்கும் நடுவில் கறுப்புக் கட்டை கிடையாது. ஏழாவதற்கும் மேல் ஒன்றுக்கும் நடுவிலும் கிடையாது. (ஏழரை அங்கேயாவது இல்லையே!) வெள்ளைக் கட்டைகள் கண்ணுக்குத்தான் சம தூரம், காதுக்கு அல்ல.

வெள்ளைக் கட்டைகள் ஏழுக்கும் வரிசையாக சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி என்று பெயர். ஆகவே கறுப்பையும் சேர்த்து, ஒரு கட்டைக்கு ஒரு படியாக எண்ணுங்கள். தொடங்கும் கட்டையை எண்ணக் கூடாது; பாதிப் பேர் தவறுவது இங்கேதான். சி-யிலிருந்து ஈ 4 படி, ஈ-யிலிருந்து ஜி 3 படி: மேஜர். டி-யிலிருந்து எஃப் 3, எஃப்-இலிருந்து ஏ 4: மைனர். இரண்டிலும் கீழ்ச்சுரத்துக்கும் மேல்சுரத்துக்கும் இடையே 7 படிதான். நடுச்சுரம் ஒரு படி இறங்கியதும் நிறமே மாறிவிடுகிறது. அதே கை அமைப்பை ஏழாம் கட்டையில் வைத்தால் 3, 3. மொத்தம் 6 படி. நிலைகொள்ளாமல் ஒலிக்கும் அதற்கு டிமினிஷ்டு என்று பெயர். டி மேஜர்தான் வேண்டுமென்றால் நடுவிரல் எஃப்-ஐ விட்டு அடுத்த கறுப்புக் கட்டைக்கு ஏற வேண்டும்.

கர்நாடக சங்கீதம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஷட்ஜம் (ச), அந்தர காந்தாரம் (மேல் 'க'), பஞ்சமம் (ப) சேர்ந்தால் மேஜர். அந்தரம் போய், ஒரு படி கீழே உள்ள 'சாதாரண காந்தாரம்' வந்தால் மைனர். அந்தரம் வரும் சங்கராபரணத்தையும் சாதாரணம் வரும் கரகரப்பிரியாவையும் பாடிய தொண்டைக்கு இந்த ஒரு படி நன்றாகவே தெரியும்.

சுருதி சேர்ந்த தம்புராவின் மந்தர (கீழ்) ஷட்ஜத் தந்தியை மீட்டிக் கூர்ந்து கேட்டால், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாக மிதந்து வரும். அது அந்தத் தந்தியின் ஐந்தாம் மடங்கு அதிர்வு. கீபோர்டின் காந்தாரம் அதைவிடச் சற்றுக் கூடுதல். ஒரு படியை 100 சென்ட் என்று வைத்தால் சுமார் 14 சென்ட். கார்டு வாசிக்கும்போது லேசாக உறுத்துகிறது என்று ஒரு மாணவி சொன்னபோது, அவள் காதைப் பாராட்டினேன்.

முதல் மாதம் நான் தரும் பயிற்சி ஒன்றே: ஏதாவது ஒரு கட்டையை அழுத்தி, அதிலிருந்து 4 படி, பிறகு 3 படி மேலே உள்ள சுரங்களை வாயால் பாடுங்கள், அதற்குப் பிறகே விரல் வைத்துச் சரிபாருங்கள். சுருதியை மாற்றித் தரும் டிரான்ஸ்போஸ் பொத்தானை நாடக் கூடாது. என் வகுப்புக் கீபோர்டில் அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருக்கிறேன்.