வலது கை படிக்காத பாட்டு

"பாட்டு வந்துட்டு சார், ஸ்பீடுதான் வர மாட்டேங்கு." பாளையங்கோட்டை, திருநெல்வேலி டவுன் பக்கம் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறவர்கள் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. நவம்பர் பிறந்துவிட்டால் இன்னும் அதிகமாகக் கேட்கும். டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ், பாடகர் குழுவோடு வாசிக்க வேண்டும், எடுத்திருக்கிற பாட்டோ கொஞ்சம் கடினம். வேகம் வரவில்லையே என்று வேகமாகவே வாசித்துப் பழகுவார்கள். பத்து நாளில் பாட்டும் தடுமாறும், மணிக்கட்டும் வலிக்க ஆரம்பிக்கும்.

கோர்டு (சேர்ந்து ஒலிக்கும் சுருதிகள்) பிடிப்பது இடது கை என்பதால் எல்லோருடைய கண்ணும் அதன் மேலேயே இருக்கிறது. பாட்டை இன்னும் படிக்காமல் இருப்பது பெரும்பாலும் வலது கை. சோதித்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். இடது கை விரல்களை அழுத்தாமல் கம்பிகள் மேல் சும்மா படுக்க வையுங்கள். சுருதி வராது, 'டக் டக்' என்ற ஓசை மட்டும் வரும். அப்படியே பாட்டின் வலது கை வேலையை மட்டும் நான்கு பார் (பார் என்பது பாட்டின் ஒரு தாளச் சுற்று, பெரும்பாலும் நான்கு தட்டு) விடாமல் வாசியுங்கள். தடுமாறினால் சிக்கல் வலது கையில். தடுமாறவில்லை என்றால், பாருக்கு ஒரே ஒரு அடி அடித்துக் கோர்டுகளை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டு கையும் தனித்தனியே ஓடி, சேரும்போது மட்டும் விழுந்தால், ஒரு பாரின் கடைசித் தட்டுக்கும் அடுத்த பாரின் முதல் தட்டுக்கும் நடுவில்தான் கோளாறு. அந்த இரண்டு தட்டை மட்டும் தனியே எடுத்துப் பழக வேண்டும்.

நான்கு நிமிடப் பாட்டில் உண்மையிலேயே கடினமான இடம் பெரும்பாலும் இரண்டு மூன்று பார்தான். தினமும் முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கிறவர், தெரிந்த இடத்தையே திரும்பத் திரும்ப வாசிக்கிறார். தெரியாத இடத்தை ஒவ்வொரு முறையும் தப்பாகக் கடந்து போகிறார். தப்பையும் கை படித்துக்கொள்ளும். படித்த தப்பை மறக்க வைப்பது புதிதாகச் சொல்லிக்கொடுப்பதைவிடக் கஷ்டம்.

வலது கையைத் தனியே வளர்ப்பது பழைய வழிதான். இத்தாலியக் கிட்டார் கலைஞர் மவுரோ ஜூலியானி 1812இல் வெளியிட்ட 120 வலது கைப் பயிற்சிகளிலும் இடது கைக்கு இரண்டே கோர்டுதான்: சி, ஜி செவன். இடது கைக்கு வேலையைக் குறைத்துவிட்டால் கவனம் முழுக்க வலது கைக்குப் போகும். நீங்கள் படிக்கும் பாட்டுக்கும் இதையே செய்யலாம். அதன் பிக்கிங்கை (கம்பிகளை மீட்டும் வரிசையை) மட்டும் எடுத்து, ஒரே சி கோர்டில் மூன்று நாள் வாசியுங்கள். பாட்டின் கோர்டுகள் அதற்குப் பிறகு வரட்டும்.

பிங்கர் பிக்கிங்கில், அதாவது விரல்களாலேயே மீட்டுவதில், விரல்களுக்கு இடம் ஒதுக்கிவிட வேண்டும். தடித்த கம்பி 6, மெல்லியது 1. கட்டைவிரலுக்கு 6, 5, 4, ஆள்காட்டி விரலுக்கு 3, நடுவிரலுக்கு 2, மோதிர விரலுக்கு 1. சி, ஏ மைனர் என்றால் கட்டைவிரல் 5இல் தொடங்கும். டி என்றால் 4இல். ஜி, இ, இ மைனர் என்றால் 6இல். பாட்டு வரிக்குக் கீழே கோர்டின் பெயரோடு இந்த எண்ணையும் பென்சிலால் எழுதிவிடுங்கள். கட்டைவிரல் எந்தக் கம்பிக்குப் போவது என்று தேடுகிற அந்த அரை நொடிதான் பலருக்கு 'ஸ்பீடு வரல' என்று தெரிகிறது.

ஒரே ஒரு மீட்டலைக் கிட்டத்தில் பாருங்கள். முன்கை கிட்டாரின் மேல் விளிம்பில் படுத்திருக்கிறது, மணிக்கட்டு நேராக இருக்கிறது. கட்டைவிரல் மற்ற விரல்களைவிட ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) இருக்கும் பக்கம் சற்றுத் தள்ளி நிற்கிறது. உள்ளே மடங்கியிருந்தால் ஆள்காட்டி விரலோடு முட்டிக்கொண்டே இருக்கும். நடுவிரல் முதலில் கம்பியைத் தொட்டு நிற்கிறது. சதை படுகிறது, பிறகு நகத்தின் ஓரம். கம்பியைப் பெட்டியின் பக்கமாக லேசாக அமுக்கி, உள்ளங்கையை நோக்கி விரலை மடக்கி விடுகிறது. அசைவு கிளம்புவது விரல் கையோடு சேரும் பெரிய கணுவிலிருந்து. இப்படி வந்தால் ஓசை கனமாக இருக்கும். கம்பியைக் கொக்கி போட்டு வெளியே இழுத்தால் அது ஃப்ரெட்டில் மோதிப் 'பட்' என்று அறையும். பிக்கிங் சத்தமாக இருக்கிறது ஆனால் இனிமையாக இல்லை என்கிறவர்களில் பலர் இழுக்கிறவர்கள்தான். விரல் கம்பியைத் தொட்டு நின்று பிறகு விடுவதற்கு நேரம் வேண்டும். அதற்காகத்தான் மெதுவாகப் பழகச் சொல்கிறோம்.

நகம் சதைக்கு மேலே ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் போதும். வெட்டிய நகத்தின் ஓரம் சொரசொரப்பாக இருந்தால் கம்பியில் மாட்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் வாட்டர் பேப்பரில் 600ஐ முதலிலும் 1000ஐ அடுத்தும் வைத்துத் தேய்த்தால் வழவழப்பாகிவிடும்.

கட்டைவிரல் இரண்டு கம்பிக்கு மாறி மாறிப் போகும் வாசிப்புதான் பலரை வீழ்த்துகிறது. அமெரிக்கக் கலைஞர் மெர்ல் டிராவிஸின் (1917–1983) பெயரால் இதை டிராவிஸ் பிக்கிங் என்கிறார்கள்; அவர் பெரும்பாலும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டுமே கொண்டு வாசித்தார். சி கோர்டில் கட்டைவிரல் 5, 4, 5, 4 என்று நான்கு தட்டுக்கும் நிற்காமல் போக வேண்டும். இங்கே மோதிர விரலுக்கு வேலை இல்லை: முதல் தட்டில் நடுவிரலும் சேர்ந்து 1ஆம் கம்பியை எடுக்கும். இரண்டாம் தட்டுக்கும் மூன்றாம் தட்டுக்கும் நடுவில் வரும் அரைத்தட்டில் ஆள்காட்டி விரல் 3ஐ எடுக்கும். மூன்றாம் தட்டுக்குப் பின் அரைத்தட்டில் நடுவிரல் 2ஐ எடுக்கும். நான்காம் தட்டில் கட்டைவிரல் மட்டும். மற்ற விரல் உள்ளே வரும்போது கட்டைவிரல் அதற்கு வழிவிட்டு நின்றுவிடுவதுதான் இதில் வரும் பிழை. அதனால் முதல் இரண்டு நாள் கட்டைவிரல் மட்டும் வாசிக்கட்டும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே உங்கள் ஊர், தெரு, பின்கோடு எல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பேச்சில் கட்டைவிரல் தடுமாறினால் அடுத்த விரலைச் சேர்க்க இன்னும் நேரம் வரவில்லை.

ஒரு பாரின் அரைத்தட்டு எட்டும் நான்கு நான்காகப் பிரியாமல் மூன்று, மூன்று, இரண்டு என்று பிரியும் பாட்டுகளும் நிறைய உண்டு. அங்கே எண்ணுவதைவிடச் சொற்கட்டு உதவும். 'தகிட தகிட தக' என்று வாயால் சொல்லுங்கள். ஒவ்வொரு 'த'வும் கட்டைவிரல், மற்றவை மேல் கம்பிகள். சி கோர்டில் 5-3-2, 4-3-2, 5-3 என்று வரும். இதையே 'தகதிமி தகதிமி' என்று மனசுக்குள் பிரித்துக்கொண்டால் இரண்டாவது கட்டைவிரல் ஓர் அரைத்தட்டு தாமதமாக விழுந்து பாட்டே சாய்ந்துவிடும். வாய் சரியாகச் சொல்லாததைக் கை வாசிக்காது. முதலில் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுத் தொடையில் தட்டிச் சொல்லிப் பழகுங்கள்.

ஸ்ட்ரம்மிங்குக்கு (கம்பிகளைச் சேர்த்து வீசி அடிப்பதற்கு) நம்ம ஊர் வில்லுப்பாட்டில் நல்ல பாடம் இருக்கிறது. வில்லில் அடிக்கும் கோலுக்குப் பெயரே வீசுகோல். ஸ்ட்ரம்மிங் கையும் வீசுகிற கைதான். ஒரு பாருக்குக் கீழே நான்கு, மேலே நான்கு என்று எட்டு வீச்சு. கம்பியில் பட்டாலும் படாவிட்டாலும் எட்டும் நடக்க வேண்டும். அடிக்கடி வரும் ஒரு அடியைப் பாருங்கள்: கீழ், கீழ்-மேல், மேல், கீழ்-மேல். இதில் மூன்றாம் தட்டில் ஓசை இல்லை, ஆனால் கை கீழே போகத்தான் வேண்டும், கம்பியைத் தொடாமல் காற்றில். பலர் அந்த இடத்தில் கையை நிறுத்திவிடுவார்கள். நின்ற கை அடுத்த மேல் வீச்சுக்கு அவசரப்பட்டுக் கிளம்பும்; பாட்டு அங்கே நொண்டும். ஆறு அரைத்தட்டுப் பாட்டுகளுக்கு 'தகிட தகிட' சொல்லி, இரண்டு 'த'வையும் கொஞ்சம் அழுத்தினால் போதும்.

வீச்சு முழங்கையிலிருந்து மட்டும் வந்தால் தோள் வரை இறுகும். கை கழுவிவிட்டுத் தண்ணீரை உதறுவோமே, அந்த அசைவு முன்கையில் வர வேண்டும். மேல் வீச்சில் ஆறு கம்பியையும் வாரத் தேவையில்லை, 1, 2, 3 பட்டால் நிறைவு. பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) 0.60 முதல் 0.73 மி.மீ. வரை கனம் இருந்தால் வளைந்து கொடுக்கும். நுனி நாலைந்து மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரியட்டும். சித்திரை வெயிலில் வியர்த்துப் பிக் நழுவும். நழுவுகிறதே என்று இறுக்கிப் பிடிக்காதீர்கள். துடைத்துவிட்டு, பிக்கின் பிடிக்கும் பகுதியை வாட்டர் பேப்பரில் லேசாக உரசிக்கொள்ளுங்கள்.

சரணத்தில் பிக்கிங், பல்லவியில் ஸ்ட்ரம்மிங் என்று வரும் பாட்டில் பிக்கை எங்கே வைப்பது என்று குழப்பம் வரும். இப்படிப்பட்ட பாட்டுக்குப் பிக்கே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. கீழ் வீச்சுக்கு ஆள்காட்டி, நடுவிரல் நகங்களின் முதுகும், மேல் வீச்சுக்கு ஆள்காட்டி விரல் நுனியும் போதும். மாறும் இடத்துக்கு முந்தைய பாரில் கடைசி அரைத்தட்டை வாசிக்காமல் விட்டுவிடுங்கள், கைக்கு இடம் மாற அந்த நேரம் கிடைக்கும். கேட்கிறவர்களுக்கு அந்த இடைவெளி தெரியாது, பாடகர் அங்கே மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்.

மெட்ரோநோம் (சீராகத் தட்டுக் கொடுக்கும் கருவி) போனிலேயே இலவசமாகக் கிடைக்கும். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 96 தட்டு என்றால் 48இல் தொடங்குங்கள். கடினமான பாரைத் தொடர்ந்து ஐந்து தடவை பிழையில்லாமல் வாசித்தால் 4 கூட்டுங்கள். இரண்டு தடவை அடுத்தடுத்துத் தவறினால் 8 குறையுங்கள். 80க்கு மேல் ஒரு தடை வரும். அங்கே அடம்பிடிக்காமல் மறுநாளைக்கு விட்டுவிடலாம். பாட்டைக் கேட்டுப் படிக்கிறவர்கள் யூடியூபில் 0.5 அல்லது 0.75 வேகத்தில் வைத்துக் கேட்கலாம், சுருதி மாறாது. ஒரே மூச்சாக இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட, இருபது நிமிடம் வாசித்து ஐந்து நிமிடம் கையைத் தொங்கவிட்டு மறுபடி தொடங்குவது பலன் தரும்.

இனி வலி. இடது கை விரல் நுனி எரிவது முதல் சில வாரங்களுக்கு இயல்பு. மணிக்கட்டு வலி, முன்கைக் கடுப்பு, மரத்துப்போவது மூன்றும் இயல்பு இல்லை, அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரலில் மரத்தால் மணிக்கட்டு நெடுநேரம் மடங்கியே இருக்கிறதா என்று பாருங்கள். சுண்டுவிரல் பக்கம் மரத்தால் முழங்கையை எங்கேயாவது ஊன்றி அழுத்துகிறீர்களா என்று பாருங்கள். ஓய்வு கொடுத்தும் சில நாளில் போகவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள், தைலம் தேய்த்துக்கொண்டு வாசிக்காதீர்கள். பகலெல்லாம் பீடி சுற்றிய விரலும், கம்ப்யூட்டரில் தட்டிய விரலும், பைக் ஓட்டி வந்த மணிக்கட்டும் ஏற்கெனவே களைத்துத்தான் வருகின்றன. அவர்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டு இருபது நிமிடம் தாராளம்.

வலிக்குக் கையை மட்டும் குறை சொல்லக் கூடாது, கிட்டாரையும் பாருங்கள். எம்பாஸ் எழுத்து இல்லாத ஏடிஎம் கார்டு 0.76 மி.மீ. கனம் இருக்கும். மூன்றை அடுக்கி 12ஆம் ஃப்ரெட்டின் மேல், 6ஆம் கம்பிக்குக் கீழே நுழைத்துப் பாருங்கள். மூன்றும் கம்பியை லேசாக உரசி நின்றால் உயரம் சரி. நான்கு கார்டு தாராளமாகப் போனால் கம்பி மிக உயரத்தில் இருக்கிறது, செட்டப் (உயரத்தைச் சரிசெய்வது) செய்யக் கொடுங்கள். குற்றாலச் சாரல் காலத்தில் தென்காசிப் பக்கம் ஈரத்தில் மரம் உப்பிக் கம்பி எழும்பும். திருச்செந்தூர், உவரி, தூத்துக்குடிக் கடல்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் துடைத்து வையுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் கிட்டாரை விட்டால் பிரிட்ஜ் (பெட்டியின் மேல் கம்பிகள் மாட்டியிருக்கும் மரத்துண்டு) ஒட்டு இளகும். புதிதாகப் படிக்கிறவர்கள் கனமான 12-53 கம்பிச் செட்டுக்குப் பதில் மெல்லிய 10-47 போட்டுக்கொள்ளலாம். நிகழ்ச்சிக்குப் புதுக் கம்பி மாட்டுவதாக இருந்தால் மூன்று நாள் முன்பே மாட்டி, ஒவ்வொரு கம்பியையும் கையால் மெல்ல இழுத்துவிட்டு, சுருதி இறங்காமல் நிற்கும்வரை திரும்பத் திரும்ப டியூன் செய்யுங்கள்.