கயிற்றுக்கு யார் பொறுப்பு? பிரிட்டனில் மரமேறி வேலை செய்வோருக்கான பாதுகாப்பு விதிகள்

சாலையோர மரங்களைக் கவாத்துச் செய்வது, காய்ந்த கிளைகளைக் கயிறு கட்டி இறக்குவது, சாயும் நிலையில் நிற்கும் பெருமரத்தை மேலிருந்து துண்டு துண்டாக அறுத்துக்கொண்டே வருவது ஆகிய வேலைகளைச் செய்பவரைப் பிரிட்டனில் ‘ட்ரீ சர்ஜன்’ என்று அழைக்கிறார்கள். இடுப்பில் ஹார்னஸ் எனும் தாங்கு பட்டை, கையில் செயின்சா எனும் சங்கிலி ரம்பம், தாங்கி நிற்பது ஒரு விரல் பருமனுள்ள கயிறு. இந்தத் தொழிலில் தினக்கூலிக்குச் சேரும் பலருக்கு, அந்தக் கயிற்றைச் சோதிக்கும் கடமை சட்டப்படி யாருடையது என்பதே தெரிவதில்லை. இங்கே சொல்லப்படும் விதிகள் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றுக்கு உரியவை; வட அயர்லாந்துக்குத் தனி விதிகள் உண்டு.

முதலில் பார்க்க வேண்டியது உயரத்தில் வேலை செய்வது பற்றிய 2005ஆம் ஆண்டு விதிகள். உயரத்தில் ஏறாமலே முடிக்கக்கூடிய வேலைக்கு யாரையும் ஏற்றக் கூடாது என்பதே அவற்றின் தொடக்கம். நீண்ட கம்பில் பொருத்திய ரம்பத்தால் தரையில் நின்றே கிளையை அறுக்க முடியுமானால் அதுதான் முறை. முடியாதபோது, தூக்கு மேடை பொருத்திய வண்டி மரத்தருகே வர இடமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கும் வழியில்லாத இடத்தில்தான் கயிற்றில் ஏறுவது. இந்த வரிசையை வேலைக்கு முன்பே சிந்தித்து எழுதிவைப்பது வேலையை ஏற்பாடு செய்பவரின் பொறுப்பே தவிர, மரத்தடியில் வந்து நிற்கும் ஏறுபவரின் பொறுப்பு அல்ல.

ஏறுவது என்று முடிவான பின், அதே விதிகளின் ஐந்தாம் அட்டவணை இரண்டு கயிறுகளைக் கேட்கிறது. ஒன்று, ஏறி இறங்கவும் உடலைத் தாங்கவும் பயன்படும் வேலைக் கயிறு. மற்றொன்று, முதலாவது அறுந்தாலோ அது கட்டியிருக்கும் கிளை முறிந்தாலோ விழாமல் பிடிக்கும் காப்புக் கயிறு. இரண்டும் தனித்தனி இடங்களில் கட்டப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது கயிறே ஆபத்தைக் கூட்டும் என்று இடர் மதிப்பீட்டில் காட்ட முடிந்தால் மட்டும், உரிய மாற்று ஏற்பாடுகளோடு ஒற்றைக் கயிற்றுக்கு இடம் தரப்படுகிறது. இத்தொழிலில் நெடுங்காலம் ஒற்றைக் கயிறுதான் வழக்கமாக இருந்தது. அதனால் “நாங்கள் எப்போதும் இப்படித்தான் ஏறுகிறோம்” என்ற பதில் இன்றும் கேட்கக்கூடும். பழக்கம் இடர் மதிப்பீடு ஆகாது என்பதை ஏறுபவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். செயின்சாவை இயக்கும்போது இது இன்னும் முக்கியம், ஏனென்றால் ஓடும் சங்கிலி இறுகிய கயிற்றில் பட்டால் கயிறு கணப்பொழுதில் அறுந்துபோகும்.

அடுத்தது, லோலர் என்று சுருக்கமாக வழங்கும், தூக்கும் கருவிகள் பற்றிய 1998ஆம் ஆண்டு விதிகள். பெயரைப் பார்த்து இது கிரேனுக்கு உரியது என்று ஒதுக்கிவிடக் கூடாது. மனிதரைத் தாங்கும் கருவி எதுவானாலும், தகுதியுள்ள ஒருவர் வகுத்த பரிசோதனைத் திட்டம் வேறு இடைவெளியைக் குறித்திருந்தாலொழிய, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை முழுமையாகப் பரிசோதிக்க வைப்பது வேலையளிப்பவரின் கடமை. ஏறும் கயிறு, ஹார்னஸ், காராபினர் எனும் பூட்டு வளையம் எல்லாம் இதில் அடங்கும். பரிசோதிப்பவர் கயிற்றை ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை, விரல்களுக்கிடையே, கை அகலம் கை அகலமாக ஓடவிடுகிறார். இழை அறுந்து பஞ்சுபோலப் பூத்திருக்கிறதா, உராய்வுச் சூட்டில் உருகிப் பளபளத்து இறுகியிருக்கிறதா, மேலுறைக்குள் ஓரிடம் மட்டும் தட்டையாகவோ கட்டியாகவோ தட்டுப்படுகிறதா என்பதைக் கண்ணைவிட விரலே முதலில் அறிகிறது. பிறகு ஹார்னஸின் தையல்களை மடக்கிப் பார்க்கிறார். காராபினரின் வாய் கைவிட்டதும் தானாக மூடிப் பூட்டிக்கொள்கிறதா என்று திரும்பத் திரும்பச் சோதிக்கிறார். முடிவை எழுத்தில் தர வேண்டும். உடனடியாகக் கடுங்காயம் விளைவிக்கக்கூடிய குறை தென்பட்டால், அறிக்கையின் நகல் அரசின் அமலாக்க அமைப்புக்கும் போக வேண்டும் என்கிறது விதி. குறை தீரும் வரை அக்கருவியைப் பயன்படுத்த முடியாது.

காலையில் ஏறுமுன் ஏறுபவர் தாமே பார்த்துக்கொள்வது இந்தப் பரிசோதனைக்கு ஈடாகாது, இரண்டும் வேண்டும். கயிற்றில் ரம்பம் பட்டாலோ, அதன்மேல் ஒருவர் விழுந்து திடீர்ப் பளு ஏறினாலோ, ஆறு மாதம் வரை காத்திராமல் அதை ஒதுக்கிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். பிறரிடமிருந்து பெற்ற கருவியோடு கடைசிப் பரிசோதனைக்கான சான்றும் கூடவே வர வேண்டும் என்பதால், குழு மாறி வேலை செய்பவர்கள் ஹார்னஸை வாங்கும்போதே சான்றையும் கேட்பது நல்லது. சொந்தக் கயிற்றோடு வரும் சுயதொழில் செய்பவருக்கும் இதே கடமை உண்டு.

கருவிகளுக்கு யார் பணம் தருவது? வேலையிடச் சுகாதாரம், பாதுகாப்பு பற்றிய 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு, சட்டம் கட்டாயமாக்கிய பாதுகாப்புப் பொருளுக்காக ஊழியரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. செயின்சா தடுப்புக் காற்சட்டை, தலைக்கவசம், காதுக்காப்பு ஆகியவற்றின் விலையைக் கூலியில் கழிப்பது இதற்கு முரண். தனிநபர் பாதுகாப்பு உபகரண விதிகள் 2022 ஏப்ரல் 6 முதல், நிரந்தர ஊழியரல்லாத சாதாரண ஒப்பந்தத் தொழிலாளருக்கும் விரிவுபடுத்தப்பட்டுள்ளன. உண்மையிலேயே தமக்காகத் தொழில் நடத்துபவர் மட்டுமே இதற்கு வெளியே நிற்கிறார். “நீ சுயதொழில் செய்பவன்” என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவதால் மட்டும் ஒருவர் அப்படி ஆகிவிடுவதில்லை. காற்சட்டையில் ஒரு சிறு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும்: ஏ வகை காலின் முன்புறத்தை மட்டும் காக்கிறது, அது தரையில் நிற்பவருக்குப் பொருந்தும், மரத்தில் ரம்பம் எந்தப் பக்கத்திலிருந்தும் காலை அணுகலாம் என்பதால், ஏறுபவருக்குச் சுற்றிலும் காக்கும் சி வகை வேண்டும்.

மரத்தில் செயின்சாவைப் பிடிப்பவர் அதற்கான பயிற்சியும் தகுதிச் சான்றிதழும் பெற்றிருக்க வேண்டும், அல்லது பயிற்சியில் இருப்பவராக, தகுந்த மேற்பார்வையில் இருக்க வேண்டும்.

மீட்புப் பற்றி அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மரமேறும் வேலையில் குறைந்தது இருவர் இருக்க வேண்டும். தரையில் நிற்பவர்களில் ஒருவர், தாமதமின்றி மேலேறிக் காயம்பட்டவரை இறக்கத் தெரிந்தவராகவும், அதற்குரிய கயிறும் ஹார்னஸும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பவராகவும் இருக்க வேண்டும். அவசர உதவிக்கான 999 எண்ணை அழைப்பது மட்டும் மீட்புத் திட்டம் ஆகாது. தொடையில் ரம்பம் பட்டு ஹார்னஸில் தொங்கும் ஒருவருக்கு, ஆம்புலன்ஸ் வந்து சேரும் வரையான நேரம் இருக்காமல் போகலாம். கிளைகளை இழுத்துப் போட மட்டும் தெரிந்த ஒருவரோடு ஏறச் சொன்னால், அந்த ஏற்பாடு விதிக்கு உட்பட்டதல்ல.

அவ்வாறான சூழலில் என்ன செய்வது? கடுமையான, உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் ஒருவர் வேலையிடத்தை விட்டு விலகினால், அதற்காக அவருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்று 1996ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு காக்கிறது. 2021 மே 31 முதல் இது ஒப்பந்தத் தொழிலாளருக்கும் உண்டு. ஊழியரை வைத்திருப்பவர் குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்குப் பொறுப்புக் காப்பீடு எடுத்திருப்பதும் கட்டாயம். விபத்தால் ஏழு நாட்களுக்கு மேல் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனால், விபத்து நடந்த 15 நாட்களுக்குள் எச்.எஸ்.இ. எனப்படும் சுகாதார, பாதுகாப்பு அமைப்புக்கு வேலையளிப்பவர் தெரிவிக்க வேண்டும். அவர் தெரிவிப்பதற்குக் காத்திராமல், விபத்து நடந்த நாள், மரம் நின்ற இடம், உடனிருந்தவர் யார், எந்தக் கயிற்றில் ஏறினீர்கள் என்பவற்றை அன்றே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கயிற்றில் குறையிருந்தால் அதைத் தூக்கியெறிய விடாமல் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.