ஆர்க்கிடோபெக்ஸி: அப்படியென்றால்?

டிஸ்சார்ஜ் சீட்டில் 'லேப் ஆர்க்கிடோபெக்ஸி' என்று எழுதியிருக்கும். மன்னார்குடிப் பக்கமிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூருக்கு வந்தவர்களுக்கு அது நோயா மருந்தா என்றே பிடிபடாது. ஆபரேஷனின் பெயர்தான். கிரேக்கத்தில் 'ஆர்க்கிஸ்' என்றால் விரை, 'பெக்சிஸ்' என்றால் ஓரிடத்தில் பொருத்தி நிறுத்துவது. ஆர்க்கிட் பூவுக்கும் அதே வேர்தான், கிழங்கு ஜோடியாக அப்படி இருப்பதால் வந்த பெயர். கல்யாண மேடையில் அதை அடுக்குகிறவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

நோயின் பெயர் கிரிப்டார்கிடிசம், 'ஒளிந்த விரை'. கருவில் விரைகள் வயிற்றுக்குள் சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் உருவாகி, பிறப்பதற்குள் தொடையிடுக்கு வழியே விரைப்பைக்கு இறங்க வேண்டும். நிறைமாத ஆண் பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 3 பேருக்கு இறங்கியிருக்காது, குறைமாதம் என்றால் இன்னும் அதிகம். காலில் போட்டுக் குளிப்பாட்டுகிற ஆயாவே "ஒரு பக்கம் பை வெறுமனே இருக்கே" என்று கண்டுபிடித்துவிடுவதும் உண்டு. பலருக்குச் சில மாதங்களில் தானாக இறங்கிவிடும். 6 மாதமாகியும் இறங்கவில்லையா, அப்புறம் காத்திருந்து பயனில்லை, ஒன்றரை வயதுக்குள் செய்துவிட வேண்டும். பை உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியானது, உள்ளே சூட்டிலேயே கிடந்தால் பின்னாளில் விந்தணு குறையும், புற்றுநோய் வாய்ப்பும் கூடும்.

'லேப்' என்பது லேப்பராஸ்கோப்பி. 'லேப்பரா' விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவிலுள்ள மெத்தென்ற பகுதி, 'ஸ்கோப்பி' பார்ப்பது. எல்லாப் பிள்ளைக்கும் இது வேண்டாம். கைக்குத் தட்டுப்படுகிற விரையைத் தொடையிடுக்கில் சின்னதாகக் கீறியே இறக்கிவிடலாம், தட்டுப்படாவிட்டால்தான் தொப்புளருகே துளை போட்டுக் கேமரா விட்டுத் தேடுவது. (ஸ்கேனில் தெரியவில்லை என்பதால் விரையே இல்லை என்று ஆகிவிடாது.) விரைக்குப் போகிற ரத்தக்குழாய் பைவரை எட்டாத அளவு குட்டையாக இருந்தால் முதலில் குழாயை அடைத்துவிட்டு, பக்கத்துச் சிறு குழாய்கள் தடிக்கட்டும் என்று சுமார் 6 மாதம் விட்டு, அப்புறம் இறக்குவார்கள்.

சரி, தமிழில்? பழைய வைத்தியத்தில் 'அண்டம்' உண்டு, ஆனால் அதற்கு முட்டை, பிரபஞ்சம் என்று வேறு வேலைகள் நிறைய. பாடப்புத்தகத்து 'விந்தகம்' தப்பில்லை, பிறந்த பிள்ளைக்குப் பொருந்தி வரவில்லை. 'விரை'யே போதும், விதைக்கும் அதே சொல்தான். நோய்க்கு 'இறங்கா விரை' என்பேன். ஆபரேஷனை வெறும் 'விரை அறுவை' என்றால் மாட்டுக்கு விரையடிப்பது தெரிந்த தாத்தாக்கள் பதறிப்போவார்கள், எடுத்துவிடப்போகிறார்கள் என்று. 'நுண்துளை விரையிறக்கம்' என்று எழுதினால் எதையும் எடுக்கவில்லை, இறக்கி வைக்கிறார்கள் என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.