சோலார் பேட்டரி கிட்டுக்கு 78,000 ரூபாய் மானியமா? பணம் கட்டும் முன் படியுங்கள்

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர் அம்மா ஒருவர் இருக்கிறார். ஒரு நாள் கடை பில்லோடு வந்தார். 335 வாட் பேனல் இரண்டு, 150 ஏ.எச். பேட்டரி ஒன்று, பேனலிலிருந்து பேட்டரிக்கு ஏறும் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர், ஸ்டாண்ட், கம்பி. "78,000 மானியம் அக்கவுன்ட்ல ஏறிடும்னு கடைக்காரர் சொன்னாரு தம்பி, எட்டு மாசமாச்சு" என்றார்.

பில்லைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, வராது. ஈ.பி. ஆபீஸுக்கு நாலு நடை, பேங்க்குக்கு மூன்று நடை நடந்திருக்கிறார். எல்லோரும் "வெப்சைட்ல பாருங்கம்மா" என்றே அனுப்பியிருக்கிறார்கள். ஒருவராவது அவரிடம் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: மானியம் ஈ.பி. லைனோடு இணைத்த சோலாருக்கு மட்டும். பேனல், கன்ட்ரோலர், பேட்டரி என்று தனியாக ஓடும் அமைப்புக்குக் கிடையாது.

திட்டத்தின் பெயர் பி.எம். சூர்ய கர். 2024 பிப்ரவரியில் வந்தது. முதல் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000. மொத்தம் 78,000, அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அவ்வளவுதான். அந்த அம்மாவின் கிட் முக்கால் கிலோவாட்கூட இல்லை.

லைனோடு இணைக்கும் சோலாரே போட்டாலும் மாட்டிக்கொள்ளும் இடங்கள் உண்டு. முதலாவது, மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பது. நம் ஊரில் பாதி வீடுகளில் கார்டு இன்னும் இறந்துபோன அப்பா பெயரிலோ, வீட்டை விற்றவர் பெயரிலோதான் இருக்கிறது. விண்ணப்பிப்பவர் பெயர், பில்லில் உள்ள பெயர், பேங்க் கணக்குப் பெயர் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். இறந்தவர் பெயரிலிருந்து மாற்ற வாரிசுச் சான்றிதழ் கேட்பார்கள், அதற்குத் தாலுகா ஆபீஸ் அலைச்சல் தனி. அதனால் முதலில் பெயர் மாற்றம், அப்புறம்தான் சோலார். அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பெயர் மாற்றத்துக்கு ஓடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

இரண்டாவது, பேனல். உள்நாட்டிலேயே செய்த செல் உள்ள பேனலுக்குத்தான் மானியம். டி.சி.ஆர். பேனல் என்பார்கள். விலை கூடுதல். ஒரு கொட்டேஷன் மட்டும் சந்தேகப்படும்படி மலிவாக இருந்தால் அது டி.சி.ஆர். தானா என்று கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, கொட்டேஷனிலும் பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

அப்புறம் வெண்டர், அதாவது சோலாரை விற்று மாட்டித் தருபவர். திட்டத்தின் இணையதளத்தில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். "பதிவுக்கு அப்ளை பண்ணியிருக்கோம் சார்" என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். ஓ.டி.பி. வந்தால் எதற்கு என்று படித்துப் பார்க்காமல் சொல்லாதீர்கள். மானியம் உங்கள் கணக்குக்கு வருவது, வெண்டருக்கு அல்ல. லைனிலிருந்து வரும் கரண்ட்டையும் லைனுக்குப் போகும் கரண்ட்டையும் கணக்கிடும் இருவழி மீட்டர் பொருத்தி, ஈ.பி. ஆய்வு முடிந்த பிறகே வரும். கடைசித் தவணையை அதுவரை கையில் வைத்திருங்கள். மீட்டருக்கு எழுத்தில் கேளுங்கள், கொடுத்த மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். "ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்ற பதிலுக்குத் தேதியும் கிடையாது, சாட்சியும் கிடையாது. ஈ.பி. பக்கத் தாமதத்துக்கு ஈ.பி.யின் புகார் மையமான மின்னகம் 94987 94987, திட்டம் பற்றி 15555.

சரி, கரண்ட் போனால்? மானியத்தில் போடும் சாதாரண சோலார், லைனில் கரண்ட் இல்லாவிட்டால் நட்ட நடு வெயிலிலும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாதே. இதை விற்கும்போது யாரும் சொல்வதில்லை. மின்வெட்டுக்கும் வேண்டும் என்றால் லைனோடும் பேட்டரியோடும் இணையும் ஹைபிரிட் இன்வெர்ட்டர் போடலாம். மானியம் சோலாருக்குத்தான், பேட்டரி செலவு உங்களுடையது.

இரண்டு மாதத்துக்கு 150 யூனிட் ஓடும் வீட்டில் 3 கிலோவாட் எதற்கு? 100 யூனிட் ஏற்கெனவே இலவசம். மூன்று கிலோவாட் இரண்டு மாதத்தில் 700 யூனிட் அளவுக்குக் கொடுக்கும். இப்படிப்பட்ட வீட்டுக்கு, இருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரியோடு ஒரு பேனலும் சார்ஜ் கன்ட்ரோலரும் போதும். மானியம் கிடையாது என்று தெரிந்தே வாங்குங்கள்.

ஆனால் எந்தக் கன்ட்ரோலர்? அந்த அம்மாவுக்குக் கொடுத்தது மலிவான பி.டபிள்யு.எம். வகை. அது பேனலை பேட்டரியின் வோல்ட்டேஜுக்கு இழுத்துவிடும். 335 வாட் பேனல் 38 வோல்ட்டில் 8.8 ஆம்பியர் தருவது. 12 வோல்ட் பேட்டரியில் கட்டினால் ஆம்பியர் அதேதான், வோல்ட் 13. 115 வாட் மிஞ்சும். இரண்டு பேனலுக்கும் சேர்த்து 230. பேனலின் முழு வோல்ட்டேஜையும் பயன்படுத்திக்கொள்ளும் எம்.பி.பி.டி. வகை போட்டிருந்தால் ஒரே பேனல் இதைவிட அதிகம் கொடுத்திருக்கும். இரண்டாவது பேனலுக்கு அவர் கட்டிய காசு மொட்டைமாடியில் காய்கிறது.

கடைக்காரரிடம் பேசிப் பேசி, கடைசியில் அவர் வித்தியாசத் தொகை வாங்கிக்கொண்டு கன்ட்ரோலரை மட்டும் மாற்றிக் கொடுத்தார். மாட்ட வந்த பையன் பேனல் கம்பியை முதலில் சொருகப் போனான். பேட்டரியை முதலில் கொடு, பேனல் அப்புறம் என்று நான்தான் தடுத்தேன். கழற்றும்போது இதற்கு நேர் எதிர்.