ஸ்டாக்ல புது சுவிட்ச் கோக்குறதுக்கு முன்னாடி அதோட பவர கழட்டுங்க

ஒரு ஃபேக்டரில நைட் ஷிஃப்ட் நேரம், மூணு சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9300 நெட்வொர்க் சுவிட்ச் இருக்கற ஸ்டாக்ல (தனி கேபிளால கோத்து ஒரே சுவிட்ச் மாதிரி ஓடற கூட்டம்) ரெண்டாவது சுவிட்ச் செத்துப்போச்சு. ஸ்பேர் ரெடியா இருந்துச்சு. நான் போன்ல, சைட்ல ஒரு சின்ன பையன், "பழச கழட்டிட்டு இத மாட்டிடுப்பா"ன்னு மட்டும்தான் சொன்னேன். அவன் ஸ்பேர ரேக்ல ஏத்தி, பவர் குடுத்து, அது முழுசா பூட் ஆகி லைட்டெல்லாம் பச்சையா வந்தப்புறம் ஸ்டாக் கேபிள சொருகினான். கொஞ்ச நேரத்துல நல்லா ஓடிட்டிருந்த மீதி ரெண்டும் தானா ரீலோட் ஆச்சு, எழுந்து வந்தப்ப விலான் (ஒரே நெட்வொர்க்க தனித்தனியா பிரிக்கறது) ஒண்ணும் இல்ல, மேனேஜ்மென்ட் ஐபி இல்ல, ஹோஸ்ட்நேம் இருந்த இடத்துல வெறும் 'சுவிட்ச்'னு நிக்குது. பையன் மேல தப்பே இல்ல, சொல்ல வேண்டியத சொல்லாம விட்டது நான்.

என்ன ஆச்சுன்னா, ஓடிட்டிருக்கற ஸ்டாக்கோட ஓடிட்டிருக்கற இன்னொரு சுவிட்ச கோத்தா அத புது மெம்பரா எடுத்துக்காது, ரெண்டு ஸ்டாக் மெர்ஜ் ஆகறதாத்தான் எடுத்துக்கும், ரெண்டு பக்கமும் ஒரு ஆக்டிவ் (ஸ்டாக்க நடத்தற தலைமை சுவிட்ச்) இருக்கறதால எலெக்‌ஷன் நடக்கும், பிரியாரிட்டி அதிகமா இருக்கறது ஜெயிக்கும், தோத்த பக்கம் மொத்தமா ரீலோட் ஆகி ஜெயிச்சதோட கான்ஃபிக, அதாவது செட்டிங்க, வாங்கிக்கும். பிரியாரிட்டி 1லேர்ந்து 15 வரைக்கும், டிஃபால்ட் 1. எங்க ஸ்டாக்ல யாரும் அத தொடவே இல்ல, எல்லாம் 1. ஸ்பேர் முன்னாடி வேற பில்டிங்ல ஆக்டிவா ஓடினது, அதுல 15 அப்படியே இருந்துச்சு. ரைட் எரேஸ் (சேவ் பண்ணின கான்ஃபிக அழிக்கற கமாண்ட்) போட்டுத்தான் எடுத்து வெச்சோம், ஆனா பிரியாரிட்டியும் மெம்பர் நம்பரும் ஸ்டார்ட்டப் கான்ஃபிக்ல இருக்கறதில்ல, ரைட் எரேஸ் அத தொடாது. இத நெறைய பேர் கவனிக்கறதே இல்ல.

அதனால முறை இதுதான்: ஸ்பேர தனியா மேஜைல வெச்சு பூட் பண்ணி 'ஷோ சுவிட்ச்' போட்டு நம்பர், பிரியாரிட்டி ரெண்டையும் பாருங்க, பிரியாரிட்டிய 1க்கு இறக்குங்க, செத்த சுவிட்சோட நம்பரையே இதுக்கும் குடுங்க. பவர ஆஃப் பண்ணி ரேக்ல ஏத்தி, ரெண்டு ஸ்டாக் கேபிளும் திருகு இறுகற வரைக்கும் மாட்டி, அப்புறம்தான் பவர். இப்படி வந்தா ஓடிட்டிருக்கற ஆக்டிவ் மாறாது. நம்பர் ஏன் முக்கியம்னா, செத்தது 2ன்னா அதோட போர்ட் கான்ஃபிக் ஸ்டாக்ல 2ன்ற பேர்ல பத்திரமா காத்திருக்கும், புதுசும் 2ஆ வந்தா அப்படியே எடுத்துக்கும். பழைய நம்பர் 5ஓட வந்தா 5/0/1, 5/0/2ன்னு வெறும் போர்ட்டா நிக்கும், நீங்க 2/0/1ல விலான் சரியாத்தானே இருக்குன்னு பாத்துட்டே உக்காந்திருப்பீங்க.

சாஃப்ட்வேர் வெர்ஷனும் லைசென்ஸ் லெவலும் ஒண்ணா இருக்கணும், அதையும் மேஜைலயே முடிச்சுடுங்க. ராத்திரி ரேக் முன்னாடி வெர்ஷன் மிஸ்மேட்ச்னு நின்னா அதுக்கு அப்புறம் சாஃப்ட்வேர் இமேஜ் தேடற நிலைமை வரும்.

பிரியாரிட்டிய இன்னைக்கே வைங்க. ஒண்ணாவதுக்கு 15, ரெண்டாவதுக்கு 14. இப்ப இருக்கற ஆக்டிவ் உடனே மாறாது, அடுத்த எலெக்‌ஷன்லதான் வேலை செய்யும், அதனால பயம் வேண்டாம்.

கேபிள் விஷயமும் சொல்லணும். நெறைய இடத்துல ஒண்ணுலேர்ந்து ரெண்டு, ரெண்டுலேர்ந்து மூணுன்னு இறக்கிட்டு, மூணுலேர்ந்து ஒண்ணுக்கு திரும்பி வர்ற கேபிள விட்டுடறாங்க. எல்லாம் ஓடும், எந்த லைட்டும் திட்டாது. ஆனா ரிங் (கேபிள் சுத்தி வர்ற வளையம்) முழுசா இருந்தா 480 ஜிபிபிஎஸ், இல்லன்னா பாதி, 240. பாதி ரிங்ல நடுவுல இருக்கறது செத்தா மூணாவது தனியா பிரிஞ்சு, ரெண்டு பக்கமும் அதே ஐபியோட நிக்கும். 'ஷோ சுவிட்ச் ஸ்டாக்-ரிங் ஸ்பீட்' போட்டா ஃபுல்லா ஹாஃப்பான்னு ஒரே வரில சொல்லிடும்.

அப்லிங்க் (மேல இருக்கற நெட்வொர்க்குக்கு போற லிங்க்) ரெண்டையும் ஒரே மெம்பர்ல போடாதீங்க, ஒண்ணு முதல் சுவிட்ச்ல, இன்னொண்ணு கடைசில, சேத்து ஒரே ஈதர்சேனல் (பல லிங்க ஒண்ணா கட்டறது). கரண்டும் அப்படித்தான், எல்லா பவர் சப்ளையும் ஒரே யுபிஎஸ்ல தொங்கினா மூணு சுவிட்ச் வெச்சிருக்கறதுல என்ன புண்ணியம்? இன்னொண்ணு, ஸ்டாக்னா மூள ஒண்ணுதான், தப்பான கமாண்ட் ஒண்ணு போதும் மூணும் சேந்து போகும்.

அன்னைக்கு எங்கள காப்பாத்தினது மூணு வாரம் முன்னாடி எடுத்த கான்ஃபிக் பேக்கப், ஒரு டெக்ஸ்ட் ஃபைல். அதுக்கப்புறம் சேத்த போர்ட்டெல்லாம் விடியற வரைக்கும் கேபிள் கேபிளா தேடிப் போட்டோம். இப்ப எங்க ஸ்பேர் பெட்டி ஒவ்வொண்ணு மேலயும் ஒரு ஸ்டிக்கர்: மெம்பர் நம்பர், பிரியாரிட்டி, வெர்ஷன், கீழ செவப்பு மார்க்கர்ல 'கேபிள் முதல்ல, பவர் அப்புறம்'.