கப்பல் பயணமா? "கோவிட் டெஸ்டையெல்லாம் நீக்கிட்டாங்க" என்பதை அப்படியே நம்பாதீர்கள்

இந்த வாரமும் ஒருவர் வந்தார். தொண்டை கரகரப்பு, லேசான காய்ச்சல், மறுநாள் மதியம் கப்பல் ஏற வேண்டும். "டாக்டர், இப்போ கப்பல்ல ஏற கோவிட் டெஸ்ட் கேட்கறதில்லையாமே, எல்லாத்தையும் நீக்கிட்டாங்களாமே. காய்ச்சல் தெரியாம இருக்க ஒரு மாத்திரை மட்டும் எழுதிக் கொடுங்க." பயண மருத்துவம் பார்க்கிறவள் என்பதால் இந்த வசனம் எனக்கு மனப்பாடம். பொறுமையாகப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

டெஸ்டை நீக்கிவிட்டார்கள் என்கிறீர்களே, யார் நீக்கினார்கள்? 2020 பிப்ரவரியில் யோகோஹாமா துறைமுகத்தில் டைமண்ட் பிரின்சஸ் கப்பல் முடக்கப்பட்டு, அதில் 700 பேருக்கு மேல் கோவிட் தொற்றியது நினைவிருக்கும். மார்ச்சில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. பயணிகள் கப்பல்களை நிறுத்தியது. அக்டோபர் இறுதியில் நிபந்தனைகளோடு அனுமதிக்கும் ஆணை வந்தது. அதுவும் 2022 ஜனவரியில் காலாவதியாகி, விரும்பும் கப்பல்கள் சேரலாம் என்ற திட்டமாக மாறியது. அந்தத் திட்டமும் 2022 ஜூலை 18-ஆம் தேதி முடிந்தது. அவ்வளவுதான் நடந்தது. ஒரு நாட்டின் ஒரு அமைப்பு தன் கையை எடுத்துக்கொண்டது. உலகத்தில் உள்ள எல்லாக் கப்பலும் எல்லாத் துறைமுகமும் அன்றோடு கேள்வி கேட்பதை நிறுத்தவில்லை.

இதை இன்னும் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் குழப்பம் முழுவதும் இங்கேதான். கப்பல் பயணத்துக்கு விதி போடுகிறவர்கள் பலர். கிளம்பும் நாடு ஒன்று. வழியில் தொடும் துறைமுகங்களின் நாடுகள் வேறு. கப்பல் நிறுவனம் தனி. ஐந்து துறைமுகம் தொடுகிற கப்பலில் நான்கு நாடுகள் எதுவும் கேட்காமல், ஐந்தாவது நாடு மட்டும் கேட்டால்? "நான் அங்கே இறங்கவே மாட்டேன்" என்பது செல்லாது. கப்பலே அந்தத் துறைமுகத்துக்குள் நுழைய வேண்டும் என்பதால், ஏறும்போதே எல்லோரிடமும் கேட்டுவிடுவார்கள். அரசு விட்டதை நிறுவனம் தொடரலாம், விட்டதைத் திரும்பவும் கொண்டுவரலாம். பயணத்தின் நீளமும் கணக்கில் வரும். 2022-இன் பிற்பகுதியில் பல பெரிய நிறுவனங்கள் தடுப்பூசி போட்டவர்களுக்கு 15 இரவு வரையிலான பயணங்களில் சோதனை வேண்டாம் என்றன, 16 இரவும் அதற்கு மேலும் என்றால் கேட்டன. ஆக, நான்கு இரவு போய்வந்த நண்பர் சொன்னது அவருக்குச் சரி, உங்களுக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை. போன வருடம் நீங்களே போயிருந்தாலும் இதே கதைதான்.

சோதனை கேட்கிற பயணம் என்றால், எந்தச் சோதனை, எத்தனை நேரத்துக்குள் என்பதை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். "2 நாளுக்குள்" வேறு, "48 மணி நேரத்துக்குள்" வேறு. வெள்ளி மாலை ஏறுகிறவர் புதன் காலையில் சோதித்தால் முதலாவதில் தேறுவார், இரண்டாவதில் மாட்டிக்கொள்வார். பெரும்பாலும் பார்ப்பது மாதிரி எடுத்த நேரத்தை, அறிக்கை கைக்கு வந்த நேரத்தை அல்ல. வீட்டில் நீங்களே சோதித்து, அந்தச் சோதனை அட்டையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்களே, அதில் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. அதை வைத்து நான் சான்றிதழ் தர முடியாது, கேட்டுச் சங்கடப்படுத்தாதீர்கள். சமீபத்தில் கோவிட் வந்து தேறியவர்கள், ஆன்டிஜென் (சில நிமிடங்களில் முடிவு தரும் சோதனை) போதும் என்று விதி சொன்னால் பி.சி.ஆர். (ஆய்வகத்தில் வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனை) பக்கமே போக வேண்டாம். நோய் போன பிறகும் பி.சி.ஆர். வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும். அப்படிச் சிக்கி, உடம்பு நன்றாக இருந்தும் வீட்டில் உட்கார்ந்தவர்கள் உண்டு.

சோதனையே கேட்காவிட்டாலும் உடல்நலக் கேள்வித்தாள் வரலாம். காய்ச்சல், இருமல், வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டா என்று கேட்பார்கள். "ஆம்" என்று எழுதினாலே திருப்பி அனுப்பிவிடுவதில்லை, பெரும்பாலும் கப்பலின் மருத்துவக் குழு பார்த்து முடிவு செய்யும். பொய் எழுதி ஏறினால் மாத்திரையின் வேகம் சில மணி நேரத்தில் இறங்கும், அதற்குள் நீங்கள் உணவுக்கூடத்தில் இருப்பீர்கள். பிறகு அறைக்குள் அடைப்பார்கள். காப்பீட்டு நிறுவனமும் மறைத்ததைக் காரணம் காட்டிக் கைவிரிக்கலாம். வயிற்றுப்போக்கை மறைப்பவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோவைரஸுக்கு வாசலில் யாரும் சோதனை செய்வதில்லை, கையில் தேய்க்கும் சானிட்டைசரும் அதை அவ்வளவாக அசைக்காது. சோப்பு போட்டுக் கழுவுங்கள், தயவுசெய்து.

அப்புறம், மஞ்சள் காய்ச்சல் (கொசுவால் பரவும் நோய், மஞ்சள் காமாலை அல்ல) தடுப்பூசிச் சான்றிதழ். கப்பல் போகும் வழியில் எங்காவது இதைக் கேட்டால், ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் அது செல்லும். கிளம்புவதற்கு முந்தின வாரம் ஓடிவந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. 2016 ஜூலையிலிருந்து அது ஆயுள் முழுக்கச் செல்லும் என்பதால், பழைய சான்றிதழ் இருந்தால் முதலில் அதைத் தேடுங்கள்.

பணம் கட்டும்போது ஒருமுறை, ஏறுவதற்கு ஒரு வாரம் இருக்கையில் ஒருமுறை, முந்தின நாள் ஒருமுறை என்று நிறுவனத்தின் தளத்தில் உங்கள் பயணத் தேதியைப் போட்டே விதியைப் பாருங்கள். கிளம்பும் நாளில் உடம்பு சரியில்லை என்றால் துறைமுகத்துக்குப் போகும் முன்பே நிறுவனத்தைக் கூப்பிடுங்கள், தேதி மாற்ற வழி இருக்கிறதா என்று கேளுங்கள். காய்ச்சல் மாத்திரை ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? சரி, எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதையும் கப்பல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.