உயரத்தை விழுங்கும் நாற்காலி

திமிரி பக்கம் பாரதக் கூத்து என்றால் சாயங்காலமே சாமியானா கடையின் குட்டியானை வண்டி வந்து நின்றுவிடும். இரும்பு மடக்கு நாற்காலிகளைக் கத்தை கத்தையாக இறக்குவார்கள். அவற்றை விரிக்கப் போய் விரல் நசுக்கிக்கொள்ளாத பிள்ளை எங்கள் தெருவில் கிடையாது. நசுங்கும் இடம் எப்போதும் ஒன்றுதான்: இரண்டு கால்களும் குறுக்கே சந்திக்கும் ரிவெட்டின் பக்கம். அங்கே கால்கள் கத்தரிக்கோல் போல மூடும். உட்காரும் தகடும் கூடவே எழுந்து அவற்றோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். இதில் குறைவது நாற்காலியின் தடிமன். உயரம் குறைவதில்லை.

உள்ளரங்குகளில் சுவரோடு மடங்கி நிற்கும், படிப்படியாக ஏறும் பார்வையாளர் கேலரிக்கு இந்த மடிப்பு உதவாது. அங்கே குறைய வேண்டியது உயரம்.

கேலரியின் ஒவ்வொரு படியும் சக்கரம் வைத்த தனிச் சட்டம். குடியாத்தம் தீப்பெட்டியில் குச்சித் தட்டு உறைக்குள் நுழைவது போல, கீழ்ப்படி மேல்படியின் அடியில் நுழைந்துகொள்ளும். ஒரு படி 85 செ.மீ. ஆழம் என்றால் பத்துப் படிக்கு எட்டரை மீட்டர் தரை வேண்டும். மூடிவிட்டால் ஏறத்தாழ ஒரே படியின் ஆழம்தான். கத்திரி வெயிலில் வேலூரில் திறந்த மைதானத்தில் யார் உட்காருவார்கள்? கூரைக்கு அடியில் ஒரே தரையில் பகலில் ஷட்டிலும் இரவில் கூத்தும் நடக்க முடியும் என்பதால்தான் இந்த அமைப்பு நம் ஊருக்கு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சிக்கல் நாற்காலியில்தான். படிக்குப் படி 30 செ.மீ. ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். படிப் பலகையின் தடிமன் போக மிஞ்சும் இடைவெளி சுமார் 25 செ.மீ. முதுகுச்சாய்வோடு நிற்கும் நாற்காலியோ 80 செ.மீ.க்கு மேல். அதனால் முதலில் இருக்கை முதுகோடு ஒட்டி மடங்கும்; பிறகு மொத்த நாற்காலியும் அடியில் உள்ள கீலில் சாய்ந்து பலகைமேல் படுக்கும்.

நாற்காலி ஒன்றுக்குப் பத்துக் கிலோ என்றாலும் ஒரு வரிசையின் இருபதுக்கு இருநூறு கிலோ. அவற்றை ஒருவரே நிமிர்த்த முடிவது சுருள்வில்லால். படுக்கும்போது நாற்காலியின் எடையே வில்லை முறுக்கிவிடுகிறது. நிமிர்த்தும்போது அந்த விசை திரும்பக் கிடைக்கிறது. வரிசை முழுவதையும் ஒரே குழாய்த் தண்டு இணைக்கும். ஆனால் நீளமான தண்டை ஒரு முனையில் திருகினால் அது முறுகும். மறுமுனை பின்தங்கி, கடைசி நாற்காலி நிமிர்ந்தும் அதைப் பூட்டும் கொக்கி விழாமல் நிற்கும். அதனால் தண்டைத் திருப்பும் நெம்புகோலை நடுவில் வைப்பார்கள், அல்லது தண்டைத் துண்டு துண்டாகப் பிரிப்பார்கள். இந்தத் தீர்வு எனக்கு மிகவும் பிடிக்கும்.

படிகளுக்கும் கொக்கி உண்டு. ஒரு படி முழுதாக வெளியே வந்ததும் தன் எடையால் கொக்கி விழுந்து பூட்டிக்கொள்ளும். மூடும்போது கீழ்ப்படி உள்ளே வந்து தட்டினால்தான் மேல்படியின் கொக்கி தூக்கும். ஆகவே எத்தனை பேர் ஏறி நின்றாலும் நடுப்படி தானாக நழுவாது. மோட்டார் வைத்தவற்றில் ரப்பர் சக்கரங்கள் முன்படியின் அடியில் தரையைப் பற்றி உருளும். மரத்தரையில் பள்ளம் விழாதிருக்க எடையைப் பல அகலச் சக்கரங்களுக்குப் பகிர்ந்துவிடுவார்கள்.

மூடுவதற்கு முன் ஒருவர் டார்ச் அடித்துக்கொண்டு ஒவ்வொரு வரிசையாக நடந்துவர வேண்டும். குழந்தையின் செருப்பு ஒன்று பலகையில் கிடந்து நாற்காலி முழுதாகப் படுக்காவிட்டால், அந்த நாற்காலியின் முதுகு நேராக மேல்படியின் விளிம்பில்தான் போய் மோதும்.